பதினோரு மணிக் கட்டம்

உலகத்தில் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் பெரிய தொந்தரவில்லை. சொல்லி முடித்ததும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். குறையைச் சரிசெய்கிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, டீ குடிக்கவும் நேரமில்லாதவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அது குறை சொல்லி ஓயாது, சரிசெய்யவும் செய்யாது. நிரூபிக்கும்.

நிரூபிக்கிறவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பஸ் தாமதமாக வந்தால் நீங்களும் நானும் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வோம். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, வண்டி எண்ணையும் வந்த நேரத்தையும் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டு நிமிர்வதற்குள் வண்டி போய்விடும், போன நேரத்தையும் எழுதிக்கொள்வார். காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை வைத்து மூன்று நாளுக்கு வரைபடம் போடுவார். மாத்திரை? மாத்திரை போட்டால் காய்ச்சலின் உண்மை நிலவரம் எப்படித் தெரியும்? குழாய் சொட்டினால் கீழே வாளியை வைத்து, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணுவார். எங்கள் வீட்டுக்காரர் நாகப்பன் ஒருநாள் மாடியேறி வந்து இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, வாஷர் ஒண்ணு மாட்டுனா முடிஞ்சிது. அத்த இன்னாத்துக்கு ஒக்காந்து எண்ணிகினு கீற?" என்று கேட்டார். வாஷர் மாட்டினால் சொட்டு நின்றுவிடும். சொட்டு நின்றுவிட்டால் சொட்டியது என்பதற்கு என்ன ஆதாரம்? இது நாகப்பனுக்குப் புரியவில்லை. அவர் விவசாயம் செய்தவர்.

இந்த இனம் எந்த ஊரிலும் முளைக்கும் என்றாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில்தான் செழித்து வளர்கிறது. இங்கே தொழிற்சாலைகளில் எல்லாவற்றுக்கும் ஒரு தாள் உண்டு. கழிவறைக் கதவுக்குப் பின்னால்கூட, யார் எத்தனை மணிக்குக் கழுவினார் என்று கட்டம் கட்டமாக ஒரு தாள் தொங்கும். கழுவியிருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கட்டம் நிரம்பியிருக்கிறதா, பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா, அவ்வளவுதான். பத்து வருடம் இப்படி வேலை பார்த்தவனுக்குக் கட்டம்தான் உண்மை, மற்றதெல்லாம் வதந்தி.

எங்களுக்கு வாய்த்தவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மண்ணூரில் நாகப்பன் வீட்டு மாடியில் ஐந்து பேர் தங்கியிருந்தோம்; ஐவருமே தெக்கத்தி ஆட்கள், ஆளுக்கொரு ஷிப்ட், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் ஒருவன் தூங்குவான், ஒருவன் விழித்திருப்பான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2013 மே மாதம் ஐவரும் சேர்ந்து பிராட்பேண்ட் இணைப்பு வாங்கினோம். ஒரு வருட ஒப்பந்தம். நடுவில் வெட்டினால் அபராதம். எங்களில் அண்ணாச்சி ஒருவர்தான் நிரந்தர ஊழியர், மற்ற நாலு பேரும் கான்ட்ராக்ட் என்பதால் இணைப்பு அவர் பேரில். படம் ஓடியது, பாட்டு ஓடியது, ஊரிலிருக்கும் அக்கா பிள்ளைகளின் போட்டோ வந்தது. யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மே கடைசியில் அண்ணாச்சி ஒருநாள் வேகத்தை அளந்து பார்த்தார். ஒப்பந்தத்தில் போட்டிருந்த வேகம் நாலு எம்.பி.பி.எஸ். வந்தது மூன்றே முக்கால்.

"ஏமாத்துதான்" என்றார்.

"கால்தானே அண்ணாச்சி" என்றேன்.

"எங்க கம்பெனில கால் மில்லிமீட்டர் கூடிச்சுன்னா முழு லாட்டையும் திருப்பி அனுப்பிருவான் தெரியுமாடே? கான்ட்ராக்டை வெட்டுதோம். ஆனா அபராதம் கட்டாம வெட்டுதோம். தப்பு அவன் மேலன்னு நிரூபிச்சு வெட்டுதோம்."

இந்த மூன்று 'வெட்டுதோ'மில் கடைசியைத்தான் அவர் அழுத்திச் சொன்னார். முதலிரண்டும் அதற்கு அலங்காரம்.

ஜூன் ஒன்றாம் தேதி சுவரில் தாள் ஏறியது. முப்பது நாள், நாளுக்கு இருபத்துநாலு மணி, மணிக்கு ஒரு கட்டம். வேகம் காட்டுகிற வலைத்தளங்களை அவர் நம்பவில்லை. அவனும் இவனும் கூட்டாளியாக இருக்கலாமாம். அதனால் பத்து எம்.பி. கனமுள்ள ஒரு கோப்பை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இறங்கி முடிக்க எத்தனை விநாடி என்று கம்பெனி ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும், ஒரு தடவை பார்த்தால் தப்பு வரலாம் என்பதால் மூன்று தடவை இறக்கி, சராசரி எடுத்துக் கட்டத்தில் எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். எந்த மணிக்கு யார் என்று அட்டவணை. ஏ ஷிப்ட் போனவன் விட்டதை பி ஷிப்ட் போகிறவன் எடுப்பான். ஐந்து பேருக்கும் இருபத்துநாலு மணி நேரமும் வேலை வந்தது. ஓவர்டைம் மட்டும் கிடையாது.

மின்வெட்டு நேரம் என்ன செய்வது? அண்ணாச்சி சொந்தச் செலவில் ஒரு யூ.பி.எஸ். வாங்கினார். கத்திரி வெயில் போயும் வேக்காடு அடங்காத ஜூனில் கரன்ட் போகும், மின்விசிறி நிற்கும், நாங்கள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடப்போம், மோடம் மட்டும் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சுகமாக ஓடும்.

இன்னொரு விதியும் வந்தது. அளக்கிற மாதத்தில் யாரும் படம் பார்க்கக் கூடாது, ரீடிங் கெட்டுவிடும். அதாவது நாங்கள் பணம் கட்டி வாங்கிய இணையத்தை அளப்பதற்கு மட்டும் பயன்படுத்தினோம். சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்க வேண்டும் என்று பீரோவில் வைத்த வெள்ளித் தட்டு உங்கள் வீட்டில் எத்தனை?

முதல் பதினோரு நாளும் மூன்றே முக்கால், மூன்று எழுபது, மூன்று எண்பது என்று ஒழுங்காக வந்தது. அண்ணாச்சி முகத்தில் ஒரு வாட்டம். பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணிக் கட்டத்தில் வேகம் மூன்றே முக்காலிலிருந்து வெறும் அரைக்கு இறங்கியது. ஏழு மணிக்கும் அரை. எட்டு மணிக்கும் அரை. வேலைக்குக் கிளம்பியவர் பெல்ட்டைக்கூட மாட்டாமல் வந்து தாளைப் பார்த்தார். பெண் பிள்ளை பாஸானதைப் பேப்பரில் பார்த்த தகப்பனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்திருக்காது.

"பாத்தியாடே? நான் அப்பவே சொன்னேம்லா!"

அன்றே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். எடுத்த பெண், "சார், உங்க மாச லிமிட்..." என்று ஆரம்பித்தாள். "நான் சொல்லுதத முதல்ல கேளுங்கம்மா" என்று அவர் ஒன்றாம் தேதியிலிருந்து ரீடிங்குகளை வாசித்தார். மூன்றாம் தேதி மாலைக்கு வரும்போது இணைப்பு அறுந்தது. தாளில் அதையும் எழுதினார். பிறகு பெரிய தாள் ஒன்றில் மீன்முள் படம் வரைந்து சுவரில் ஒட்டினார். குறைக்குக் காரணம் தேடுவதற்குக் கம்பெனிகளில் போடுவது: தலை இருக்கும் இடத்தில் குறை, முள்ளுக்கு ஒரு சந்தேகம், ஆள், இயந்திரம், பொருள், முறை, சூழல், அளவீடு என்று ஆறு முள். ஐந்து முள்ளிலும் பிராட்பேண்ட் கம்பெனியின் குற்றங்களை நெருக்கி எழுதினார். ஆறாவது முள்ளான அளவீட்டுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அளப்பது நாங்களாயிற்றே.

இந்த நேரத்தில்தான் இசக்கிக்குப் பெண் அமைந்தது.

இசக்கி எங்கள் அறையில் இளையவன், கார் கம்பெனியில் சீட் பொருத்துகிற லைனில் கான்ட்ராக்ட். பெண் சங்கரன்கோவில், பேர் மாரிசெல்வி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து இவன் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டான். ஜாதகம் பொருந்தியது, பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பெண் மட்டும், "ஆளோட மொகம் பாத்துப் பேசாம நான் சரி சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும்" என்று நின்றுவிட்டாள். ஊருக்குப் போகலாமென்றால் புது மாடல் இறங்குகிற மாதம்; லீவு என்று வாயைத் திறந்தால் கான்ட்ராக்டுக்கு வேறு ஆள் கேட்டில் நிற்பான். ஆடி பிறப்பதற்குள் முடிவாக வேண்டும். சிவகாசியில் வேறொரு மாப்பிள்ளை வீட்டார் புதன்கிழமைக்குள் பதில் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே, ஜூன் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பத்தே முக்காலுக்கு, சங்கரன்கோவில் பிரவுசிங் சென்டரில் பெண்ணும் மண்ணூரில் மாப்பிள்ளையுமாக வீடியோவில் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. இங்கேயும் பிரவுசிங் சென்டர் உண்டு. ஆனால் அங்கே பெண் பார்க்கிறவனைப் பார்க்க இருபது பேர் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள்.

முப்பதாம் தேதி. தாளின் கடைசி நாள்.

ஏற்பாடான அன்றே இசக்கி அண்ணாச்சி முன்னால் வந்து நின்றான். "அண்ணாச்சி, அபராதம் எவ்வளவுன்னாலும் நான் தாரேன். இதை இன்னைக்கே வெட்டிட்டு வேற நெட் போட்டிருவோம்."

"அபராதமாடே பிரச்சன? நியாயம்லா பிரச்சன!"

"அப்ப அன்னைக்கு ஒரு மணி நேரம் மட்டும் அளக்காண்டாம் அண்ணாச்சி. அளக்கும்போது லைன் இறுகிக்கிடுது."

அண்ணாச்சி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு கட்டம் காலியா கெடந்தா மொத்த ஷீட்டும் ரிஜெக்ட். அதுவும் கடைசி நாளு. யாருக்காகச் செய்யுதேன்? நாளைக்கு அந்தப் பிள்ள வந்தா அவளுக்கும் நல்ல நெட் வேண்டாமால?"

பிறத்தியார் நன்மைக்காகவே எல்லாம் செய்கிறவரிடம் எப்படி வாதாடுவது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இசக்கி இஸ்திரி போட்ட சட்டையில், லாப்டாப் முன்னால், விபூதியோடு. பின்சுவரில் மீன்முள் படம். அதைக் கழற்ற அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. பத்து ஐம்பதுக்கு முகம் வந்தது. வேகம் அரைதான் என்றாலும் ஒரு முகத்துக்கு அது தாராளம். மாரிசெல்வி சிரித்தாள். இவன் சிரித்தான். சாப்பாடெல்லாம் எப்படி, மெஸ்ஸா, நாங்களே பொங்குதோம், நெசமாவா, என்று நன்றாகவே போயிற்று. நான் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஸ்டாப்வாட்ச். அட்டவணையில் அன்றைய பதினோரு மணிக்கு எதிரே 'மா' என்று அச்சாகியிருந்தது. மா என்றால் மாசானம். நான்தான்.

"எனக்கு ஒரே கேள்விதான்" என்றாள் அவள். "கல்யாணம் முடிஞ்சு அங்க வந்தாலும் நான் வேலைக்குப் போவேன். ஒங்களுக்குச் சம்மதமா?"

மணி பதினொன்று. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் இசக்கியைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன், எழுநூற்றுச் சொச்சம் கட்டங்கள் ஒன்றுவிடாமல் நிரம்பி நிற்பதைப் பார்த்தேன். அடுத்து என் முறையில் வெள்ளையாக ஒரு சதுரம். அண்ணாச்சியின் போனில் கோப்பை இறக்க விரலை வைத்தேன், மறு கையால் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன்.

திரை உறைந்தது.

இந்தப் பக்கம் இசக்கி, "சம்மதம்! சம்மதங்க! ஒங்க இஷ்டம்போல போங்க!" என்று வீடு அதிரக் கத்திக்கொண்டிருந்தான். கீழேயிருந்து நாகப்பன், "இன்னாபா ஆச்சு மேல, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று குரல் கொடுத்தார். அந்தப் பக்கம் அவர்களுக்குத் தெரிந்தது வேறு: வேலைக்குப் போகலாமா என்று பெண் கேட்கிறாள், மாப்பிள்ளை ஒரு கண்ணைப் பாதி மூடி, வாயை இறுக்கிக்கொண்டு, தலைக்குப் பின்னால் மீன்முள்ளோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். முதல் இறக்கம் முடிய இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

"நிறுத்தட்டுமா அண்ணாச்சி?"

"மூணு எடுக்கணும்டே."

மூன்று எடுத்தேன். எட்டு நிமிடம். பிறகு படம் திரும்ப ஓடியது. ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலி தெரிந்தது, மிகத் தெளிவாக.

இசக்கி மொபைலில் பெண்ணின் அப்பாவைப் பிடித்தான். நெட் நின்றுவிட்டது என்றான், சம்மதம் என்றான், அதையே நாலு விதமாகச் சொன்னான். "எங்க பக்கம் நெட்டு நல்லாத்தான இருந்துச்சு தம்பி? சரி, புதன்கெழம சொல்லுதோம்" என்று அவர் வைத்துவிட்டார். இசக்கி சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான். அண்ணாச்சி அவன் தோளில் தட்டி, "கவலப்படாத. நெட்டு ஸ்லோதான்னு நம்மகிட்ட ஆதாரம் இருக்கு" என்று அந்தத் தாளை ஸ்கேன் எடுத்து, பதினோரு மணிக் கட்டத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, சங்கரன்கோவில் பிரவுசிங் சென்டருக்கு ஈமெயிலில் அனுப்பிவைத்தார். நல்ல மனிதர். இந்த இனத்தில் கெட்டவர்களை நான் பார்த்ததே இல்லை, அதுதான் சங்கடம்.

திங்கட்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் பிராட்பேண்ட் ஆபீஸ். அண்ணாச்சி ஃபைலோடு, நான் சாட்சியாக. கவுன்ட்டரில் சந்திரலேகா என்று பேர் போட்ட பெண். முப்பது நாள் தாளையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் எங்கள் கணக்கைத் திறந்தாள். மணிவாரியாக வரைபடம் வந்தது.

"சார், உங்க வீட்ல யாருமே தூங்க மாட்டீங்களா? ராத்திரி பகல்னு பாக்காம மணிக்கு மணி முப்பது எம்.பி. போயிகினே இருக்கு."

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். ஒரே உயரத்தில் வரிசையாகக் கம்பிகள். "இவ்வளவு சீரான கிராஃப் எங்க லைன்லயே வந்தது இல்ல" என்றார், பெருமையாக.

அவள் கால்குலேட்டரை எடுத்தாள். "பத்து எம்.பி., மூணு தடவ, முப்பது. இருபத்துநாலு மணி நேரத்துக்கு எழுநூத்தி இருபது. பதினோரு நாள்ல உங்க எட்டு ஜி.பி. காலி. எட்டு ஜி.பி. தாண்டுனா ஸ்பீடு அரைக்கு எறங்கும்னு எக்ரிமென்ட் நாலாவது பக்கத்துல போட்டிருக்கு சார். நீங்க அளந்து அளந்தே தீத்துட்டீங்க."

நான் தரையைப் பார்த்தேன். அண்ணாச்சி பேனாவை எடுத்து, ஃபைலில் மடித்து வைத்திருந்த மீன்முள் படத்தின் ஆறாவது முள்ளில், 'அதிக அளவீடு' என்று தெளிவாக எழுதினார். முகத்தில் அத்தனை நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

"கான்ட்ராக்ட வெட்டணும்னா வெட்டிக்கலாம் சார்" என்று அவள் ஒரு தாளை நகர்த்தினாள். "ஒரு மாச வாடகைதான் அபராதம். ஒரு கையெழுத்து போடுங்க, மூணு நிமிஷ வேல."

"காரணம் எங்க எழுதணும்?"

"காரணம் எல்லாம் வேணாம் சார். யாரும் கேக்க மாட்டாங்க."

அண்ணாச்சி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "காரணம் கேக்காத ஃபாரத்துல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?" என்று எழுந்துகொண்டார். ஒப்பந்தம் வருடம் முழுக்க ஓடியது. திருத்த நடவடிக்கையாக, ஜூலையிலிருந்து மூன்று ரீடிங்கை இரண்டாகக் குறைத்தார்.

இவ்வளவுதான் நிரூபிக்கிறவர். சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். சந்திரலேகா கால்குலேட்டரைத் தட்டியபோது நீங்களும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தீர்கள் அல்லவா? எழுநூற்று இருபதைப் பதினொன்றால் பெருக்கினால் எட்டு ஜி.பி. வருகிறதா, கொஞ்சம் குறைகிறதே என்றுகூடத் தோன்றியிருக்கும். பன்னிரண்டாம் தேதி விடிவதற்குள் எடுத்த ரீடிங்குகளையும் சேர்த்தால் கணக்குச் சரிதான், கவலைப்படாதீர்கள். ஆனால் புதன்கிழமை இசக்கிக்கு என்ன பதில் வந்தது என்று கேட்கத் தோன்றியதா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அண்ணாச்சி அனுப்பிய ஆதாரம் மாரிசெல்வி கைக்குப் போயிற்று. கணக்கு டீச்சர், தாளைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். "நான் கேள்வி கேட்ட நேரத்துல அந்த வீட்டுல இத அளந்துட்டு இருந்திருக்காங்க, இவரும் அளக்க விட்டிருக்காரு" என்றாளாம். சிவகாசிக்குச் சரி சொல்லிவிட்டார்கள். இசக்கி அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைப் பக்கம் வேறு அறைக்குப் போய்விட்டான். போகும்போது வாசலில் நின்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மாசானண்ணே, அந்த ஒரு கட்டத்தைச் சும்மா விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"மொத்த ஷீட்டும் ரிஜெக்ட் ஆயிருக்கும்டே" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யார் குரலில் பேசினேன் என்று எனக்கே உறைத்தது.

நீங்களாக இருந்தால் அவனுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் எட்டு நிமிடம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.